வரி விளம்பரத்தை இலவசமாக்கியவர், இன்று பத்திரிகைகளுக்குப் படியளக்கிறார்

எங்கள் வீட்டு மாடிப் போர்ஷனை வாடகைக்கு விட அப்பா பேப்பரில் விளம்பரம் கொடுத்தது 1990களின் கடைசியில். பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஒரு ஜெராக்ஸ் கடைதான் விளம்பர ஏஜென்சியும். கட்டம் கட்டமாக அச்சடித்த படிவம் தருவார்கள், கட்டத்துக்கு ஒரு சொல். அப்பா வீட்டிலேயே எழுதிக்கொண்டு போயிருந்ததை ஏஜென்ட் படித்துவிட்டு, பேனாவை எடுத்து "காற்றோட்டமான" என்ற சொல்லை அடித்தார். "வந்து பாத்தா காத்து வருதா இல்லையான்னு தெரிஞ்சுக்கப் போறாங்க சார், அதுக்கு எதுக்குக் காசு?" அடுத்து "அமைதியான சூழல்" போயிற்று. கடைசியில் மிஞ்சியது ஊர், தெரு, இரண்டு படுக்கையறை, போர் தண்ணீர், போன் நம்பர். ஞாயிற்றுக்கிழமை காலை அந்த மூன்று வரியைத் தேடிக் கண்டுபிடிக்க எங்களுக்கே கால் மணி நேரம் ஆனது.

அந்த மூன்று வரிதான் பத்திரிகைத் தொழிலின் சோறு. முதல் பக்கத்துச் செய்தி பேப்பருக்கு மரியாதை சம்பாதித்துத் தந்தது. நிருபருக்குச் சம்பளம் தந்தது பெரும்பாலும் உள்பக்கத்தில் பொடி எழுத்தில் கிடந்த விளம்பரங்கள். அமெரிக்காவில் இது இன்னும் பெரிய அளவு. 2000ஆம் ஆண்டில் அங்கே நாளிதழ்களுக்கு வரி விளம்பரத்தில் மட்டும் வந்த பணம் ஏறத்தாழ 1,960 கோடி டாலர். மொத்த விளம்பர வருமானத்தில் நூற்றுக்கு நாற்பது. ஒன்பதே வருடத்தில், 2009இல், அது 620 கோடி டாலராக இறங்கியது.

இந்தச் சரிவைப் பேசும்போதெல்லாம் ஒரு பெயர் வரும்: கிரெய்க் நியூமார்க். வரி விளம்பரங்களை இலவசமாகப் போட விட்ட கிரெய்க்ஸ்லிஸ்ட் என்ற இணையதளத்தைத் தொடங்கியவர். அமெரிக்காவில் பத்திரிகைக் கல்விக்கும் புலனாய்வுச் செய்திக்கும் ஊடக அறத்துக்கும் கோடிக்கணக்கான டாலர் நன்கொடை கொடுத்தவரும் இதே நியூமார்க்தான். கெடுத்தவனே கொடுக்கிறான் என்று ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போகலாம். பலரும் அப்படித்தான் சொன்னார்கள். ஆனால் ஆளின் கதையைக் கொஞ்சம் நிதானமாகப் பார்த்தால், அவர் கொடுக்கத் தொடங்கியது காசோலையில் கையெழுத்துப் போட்ட நாளில் அல்ல என்று தோன்றுகிறது. அதற்கு இருபது வருடம் முன்னாலேயே தொடங்கிவிட்டது. பத்திரிகைகளை அடித்ததும் அந்த முதல் கொடைதான்.

நியூமார்க் பிறந்தது 1952இல், நியூஜெர்சி மாநிலத்தின் மாரிஸ்டவுனில், ஒரு யூதக் குடும்பத்தில். பதின்மூன்று வயதில் அப்பா போய்விட்டார். பள்ளியில் சட்டைப்பைக்குள் பிளாஸ்டிக் உறை செருகி அதில் பேனாக்களை அடுக்கிக்கொண்டு, தடித்த கறுப்புக் கண்ணாடியை டேப் போட்டு ஒட்டிக்கொண்டு திரிந்த பையன். தன்னை இன்றும் அந்தப் பையனாகவே சொல்லிக்கொள்வார். யாரோடு எப்படிப் பழகுவது என்று தெரியாமல் வளர்ந்தவன் என்பதையும் மறைப்பதில்லை. கிளீவ்லாந்தில் உள்ள கேஸ் வெஸ்டர்ன் ரிசர்வ் பல்கலைக்கழகத்தில் கம்ப்யூட்டர் படித்து 1977இல் முதுகலை முடித்தார். ஐபிஎம்மில் பதினேழு வருடம். அந்தப் பதினேழு வருடத்தைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை; ஒரு பெரிய கம்பெனியில் ஒழுங்காக வேலை பார்த்தார், அவ்வளவுதான். 1993இல் சார்லஸ் ஷ்வாப் என்ற பங்குத் தரகு நிறுவனத்தில் வேலை கிடைத்து சான்ஃபிரான்சிஸ்கோவுக்கு வந்தார். நாற்பது வயது தாண்டிய ஒண்டிக்கட்டை, புது ஊர், நண்பர்கள் குறைவு.

அந்த ஊரில் அப்போது இணையம் முளைவிட்டுக்கொண்டிருந்தது. முகம் தெரியாதவர்கள் ஒருவருக்கொருவர் இணையத்தில் உதவிக்கொள்வதைப் பார்த்த நியூமார்க், தானும் ஏதாவது செய்யலாமே என்று 1995 தொடக்கத்தில் பத்துப் பன்னிரண்டு நண்பர்களுக்கு ஒரு மின்னஞ்சல் போட்டார். ஊரில் என்ன கலை நிகழ்ச்சி, எங்கே தொழில்நுட்பக் கூட்டம், இதுதான் விஷயம். நண்பர்கள் தங்கள் நண்பர்களையும் சேர்க்கச் சொன்னார்கள். வேலை காலி இருக்கிறது, சோஃபா விற்க வேண்டும், இதையும் போடேன் என்றார்கள். வீடு கிடைப்பது குதிரைக்கொம்பாக இருந்த ஊர் அது. அறை காலி என்று கேள்விப்பட்டால் அதையும் எழுது என்று அவரே கேட்டார்.

சில மாதத்தில் சிசி வரிசையில் ஏறத்தாழ 240 முகவரி சேர்ந்தபோது மின்னஞ்சல் மென்பொருள் திணற ஆரம்பித்தது. அஞ்சல் குழு நடத்தும் மென்பொருளுக்கு மாற வேண்டிய கட்டாயம். அந்த மென்பொருளோ, குழுவுக்கு ஒரு பெயர் கொடு என்றது. நகர நிகழ்ச்சிகள் என்ற பொருளில் சப்பென்று ஒரு பெயர் வைக்கத்தான் நினைத்தார். நண்பர்கள் விடவில்லை. "நாங்க ஏற்கெனவே அதைக் கிரெய்க்கோட லிஸ்ட்னுதான் சொல்றோம்" என்ற பாணியில் அவர்கள் சொன்னதுதான் பெயராக நின்றுவிட்டது. நம் ஊரில் அண்ணாச்சி கடை என்று பலகை மாட்டாமலே பெயர் விழுவதுபோல.

1996இல் அது இணையதளமானது. 1997 கடைசியில், மாதத்துக்குப் பத்து லட்சம் பக்கங்கள் பார்க்கப்பட்ட நிலையில், மைக்ரோசாஃப்டின் சைட்வாக் என்ற நகர வழிகாட்டித் தளத்துக்காரர்கள் வந்தார்கள். உங்கள் பக்கத்தில் எங்கள் பேனர் விளம்பரம் போடலாமா, பணம் தருகிறோம் என்றார்கள். அன்றைய கணக்குக்கு, அந்த ஒரு வரும்படியே தளத்தை நடத்தப் போதும். நியூமார்க் அப்போது ஒப்பந்தப் புரோகிராமராக நன்றாகவே சம்பாதித்துக்கொண்டிருந்தார். பேனர் விளம்பரம் பக்கத்தை மெதுவாக்கும், பார்ப்பதற்கும் அசிங்கம், எனக்கோ அந்தப் பணம் தேவையில்லை என்று மறுத்துவிட்டார்.

இந்த மறுப்பை அவர் பெரிய தியாகமாகச் சொல்வதில்லை. சிறுவயதில் ஞாயிற்றுக்கிழமை மதப் பள்ளியில் பாடம் எடுத்த ஆசிரியத் தம்பதியைத்தான் காரணமாகச் சொல்வார். யூதப் படுகொலையிலிருந்து தப்பி வந்தவர்கள் அவர்கள். எது போதும் என்று தெரிந்துகொள், பிறரை நீ எப்படி நடத்தப்பட விரும்புகிறாயோ அப்படி நடத்து என்பதுதான் அவர்கள் கற்றுக்கொடுத்த பாடமாம். நேர்காணல்களில் திரும்பத் திரும்ப இதையே சொல்லிச் சொல்லி, கேட்கிறவர்களுக்கு அலுத்துவிட்டது. ஆனால் "போதும்" என்ற சொல்லை எண்ணத்தில் வைத்துக்கொண்டு பார்த்தால், அவர் வாழ்க்கையில் அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் ஒரு கோட்டில் வருகிறது.

1998இல் தன்னார்வலர்களை வைத்து நடத்திப் பார்த்தார்கள். சரிப்படவில்லை. 1999இல் கம்பெனியாகப் பதிவு செய்தார், அதுவும் லாப நோக்கக் கம்பெனியாக. இந்த ஒரு முடிவு பின்னால் எப்படிக் காலைக் கடித்தது என்பதற்குப் பிறகு வருகிறேன். இன்னொரு முடிவு, அவர் எடுத்ததிலேயே புத்திசாலித்தனமானது என்று எனக்குத் தோன்றுவது: நிர்வாகம் தனக்கு வராது என்று ஒப்புக்கொண்டது. ஜிம் பக்மாஸ்டர் என்ற புரோகிராமரை வேலைக்கு எடுத்து, 2000ஆம் ஆண்டில் அவரிடமே தலைமைப் பொறுப்பைக் கொடுத்துவிட்டார். நிறுவனர் அதற்குப் பிறகு வாடிக்கையாளர் சேவைக்கு வந்து உட்கார்ந்தார். விளம்பரத்துக்கு அல்ல, நிஜமாகவே வருடக்கணக்கில் அந்த வேலையைச் செய்தார். மோசடி விளம்பரங்களை நீக்குவது, புகார்களுக்குப் பதில் எழுதுவது. நியூயார்க்கில் தரகு இல்லை என்று போட்டுவிட்டு வீடு பார்க்க வந்தவர்களிடம் தரகு பிடுங்கிய புரோக்கர்களோடு மல்லுக்கட்டியது அவருடைய அன்றாடப் பாடு.

கட்டணம் என்று ஒன்று உண்டா? உண்டு, ஆனால் ஓரத்தில். முதலில் சான்ஃபிரான்சிஸ்கோவில் வேலைக்கு ஆள் எடுக்கும் நிறுவனங்கள் மட்டும் பணம் கட்ட வேண்டும். 2004இல் நியூயார்க்கும் லாஸ் ஏஞ்சலஸும் அந்தப் பட்டியலில் சேர்ந்தன. 2006இல் நியூயார்க் புரோக்கர்கள் போடும் வாடகை விளம்பரத்துக்குப் பத்து டாலர். கட்டில் விற்கிறவர், அறை தேடுகிறவர், காணாமல் போன பூனையைத் தேடுகிறவர், யாரும் ஒரு பைசா தர வேண்டாம். எத்தனை சொல் வேண்டுமானாலும் எழுதலாம். "காற்றோட்டமான" என்று தாராளமாகப் போட்டுக்கொள்ளலாம்.

இதை ஒரு பத்திரிகை முதலாளியின் நாற்காலியில் உட்கார்ந்து யோசித்துப் பாருங்கள். உங்கள் ஊரில் ஒரு வேலை விளம்பரத்துக்கு நீங்கள் நூற்றுக்கணக்கான டாலர் வாங்குகிறீர்கள். எதிராளி உங்களைவிட மலிவாக விற்றால் நீங்களும் விலையைக் குறைக்கலாம். விற்கவே இல்லை, சும்மா கொடுக்கிறான் என்றால்? எதிர்த் தரப்பில் விற்பனைப் பிரிவு இல்லை, அச்சகம் இல்லை, லாரி இல்லை. இருபது முப்பது பேர் ஒரு பழைய வீட்டில் இருந்துகொண்டு நடத்துகிறார்கள். சான்ஃபிரான்சிஸ்கோ வட்டாரப் பத்திரிகைகள் வேலை விளம்பரத்தில் மட்டும் வருடத்துக்கு 5 கோடி முதல் 6.5 கோடி டாலர் வரை கிரெய்க்ஸ்லிஸ்டிடம் இழப்பதாக 2004இலேயே ஓர் ஆலோசனை நிறுவனம் கணக்குச் சொன்னது. ராபர்ட் சீமன்ஸ், ஃபெங் ஜூ என்ற இரு பேராசிரியர்கள் பின்னர் செய்த ஆய்வு, 2000 முதல் 2007 வரை விளம்பரம் கொடுப்பவர்களுக்குக் கிரெய்க்ஸ்லிஸ்டால் மிச்சமான தொகை 500 கோடி டாலர் என்றது.

"மிச்சமான" என்ற சொல்லைக் கவனியுங்கள். இந்த 500 கோடி நியூமார்க்கின் பைக்குப் போகவில்லை. சோஃபா விற்றவர்கள், வாடகைக்கு விட்டவர்கள், சிறு கடைக்காரர்கள் என்று லட்சக்கணக்கானவர்களின் பையில் கொஞ்சம் கொஞ்சமாகத் தங்கியது. இதுதான் நான் சொன்ன முதல் கொடை. எந்த அறக்கட்டளையும் இதற்குப் பெயர்ப்பலகை வைக்கவில்லை. வாங்கியவர்களும் கொடை என்று உணரவில்லை. அந்தக் கொடைக்கான பில்லைக் கட்டியது செய்தி அறை.

கடைத்தேங்காயை எடுத்து வழிப்பிள்ளையாருக்கு உடைத்த கதை என்று பத்திரிகைக்காரர்கள் ஆத்திரப்பட்டதில் நியாயம் இல்லாமலில்லை. இருந்தாலும் அந்தத் தேங்காயை உடைத்தது அவர் ஒருவர் மட்டும்தானா? வேலை விளம்பரத்தை மான்ஸ்டர் போன்ற தளங்கள் தனியே பிய்த்துக்கொண்டு போயின. கார் விளம்பரத்துக்கு ஆட்டோட்ரேடர் வந்தது. பெரிய விளம்பரங்களைக் கூகுளும் பிறகு ஃபேஸ்புக்கும் விழுங்கின. முதலாளிகளும் சும்மா இல்லை: கடன் வாங்கிச் சக பத்திரிகைக் குழுமங்களை வாங்கினார்கள். 2006இல் மெக்ளாச்சி நிறுவனம் நைட் ரிடரை 450 கோடி டாலருக்கு வாங்கியது அதில் பிரசித்தம். விளம்பரம் சரியும் நேரத்தில் வட்டி கழுத்தைப் பிடித்தது. நல்ல காலத்தில் நூற்றுக்கு இருபதுக்கு மேல் லாபம் பார்த்த தொழில், அந்தப் பணத்தில் தன் விளம்பரப் பக்கத்தை இணையத்துக்குக் கொண்டுபோக உருப்படியாக எதுவும் செய்யவில்லை. கிரெய்க்ஸ்லிஸ்ட் இல்லாவிட்டாலும் வேறு ஒருவர் வந்திருப்பார் என்பது என் எண்ணம். வந்தவர் காசு வாங்கியிருப்பார் என்பது மட்டுமே வித்தியாசம்.

விளைவு என்னவோ விளைவுதான். 2008இல் அமெரிக்கச் செய்தித்தாள் செய்தி அறைகளில் ஏறத்தாழ 71,000 பேர் வேலை பார்த்தார்கள். 2020இல் ஏறத்தாழ 31,000. 2005க்கும் 2023க்கும் இடையே ஏறத்தாழ 2,900 பத்திரிகைகள் கடையைக் கட்டின, பெரும்பாலானவை சின்ன ஊர் வார இதழ்கள். பேரூராட்சிக் கூட்டத்துக்குப் போய் உட்கார்ந்து குறிப்பெடுக்க ஆள் இல்லாத ஊர்கள் பெருகின.

இதற்கு நடுவில் கிரெய்க்ஸ்லிஸ்டைத் தேடிப் பெரிய பணம் வந்தது. வர வைத்தது அவர்களுடைய அலட்சியமே. ஆரம்ப காலத்தில் நியூமார்க் ஒரு சக ஊழியருக்குப் பங்கு கொடுத்திருந்தார். இதெல்லாம் என்ன காசாகவா போகிறது என்ற நினைப்பு. அந்த ஊழியர் விலகும்போது தன் பங்கை விற்க முன்வந்தார். 2004இல் இணைய ஏலத் தளமான ஈபே வந்து 3.2 கோடி டாலர் கொடுத்து, 28.4 சதவீதப் பங்கை வாங்கியது. அந்தத் தொகையில் பாதி ஊழியருக்கு, மீதிப் பாதி நியூமார்க்குக்கும் பக்மாஸ்டருக்கும். பணத்தைத் தொட மாட்டேன் என்று அவர்கள் சொல்லவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

2006 டிசம்பரில் நியூயார்க்கில் முதலீட்டு வங்கி ஒன்று நடத்திய ஊடகத் தொழில் மாநாட்டில் பக்மாஸ்டரைப் பேச அழைத்தார்கள். கேட்டவர்கள் வால் ஸ்ட்ரீட் ஆய்வாளர்கள். வருமானத்தை எப்படி உச்சத்துக்குக் கொண்டுபோகப் போகிறீர்கள் என்று ஒருவர் கேட்டார். அது எங்கள் கணக்கிலேயே இல்லை என்றார் பக்மாஸ்டர். கேட்டவருக்குப் புரியவில்லை. பக்கத்தில் கூகுள் விளம்பரம் போட்டாலே கொட்டுமே என்று மறுபடி கேட்கப்பட்டது. பயன்படுத்துகிறவர்கள் யாரும் அதைக் கேட்கவில்லையே என்ற ரீதியில் பதில் வந்தது.

2007இல் ஈபே அமெரிக்காவில் கிஜிஜி என்ற போட்டித் தளத்தைத் திறந்தது. பங்குதாரனே எதிர்க்கடை போட்டால் என்ன செய்வது? நியூமார்க்கும் பக்மாஸ்டரும் 2008 தொடக்கத்தில் கம்பெனி விதிகளை மாற்றி, ஈபேயின் கையைக் கட்டப் பார்த்தார்கள். ஈபே டெலாவேர் நீதிமன்றத்துக்குப் போனது. 2010இல் வந்த தீர்ப்பு சட்டக் கல்லூரிகளில் இன்றும் பாடம். நீதிபதி வில்லியம் சாண்ட்லர் சொன்னதன் சாரம் இது: சமூக சேவை செய்வது உயர்ந்த காரியம்தான், ஆனால் லாப நோக்கக் கம்பெனி என்று பதிவு செய்துகொண்டு, இன்னொரு பங்குதாரரிடம் பணமும் வாங்கிவிட்டு, லாபம் எங்கள் நோக்கமே இல்லை என்பதைக் காரணம் காட்டி அவர் பங்கை நீர்க்கச் செய்ய முடியாது. இயக்குநர் குழு பற்றிய விதி மாற்றம் மட்டும் தப்பியது, மற்ற ஏற்பாடுகள் ரத்தாயின. 1999இல் எடுத்த முடிவின் விலை அது. 2015இல்தான் ஈபேயின் பங்கைத் திரும்ப வாங்கி வழக்குகளுக்கு முழுக்குப் போட்டார்கள்.

இன்னொரு இருட்டுப் பக்கமும் உண்டு. யார் வேண்டுமானாலும் எதை வேண்டுமானாலும் போடலாம் என்ற சுதந்திரத்தில் பாலியல் தொழில் விளம்பரங்களும் வந்தன, அவற்றோடு ஆள்கடத்தலும். 2009இல் பாஸ்டனில், தளத்தின் பாலியல் சேவைப் பகுதியில் விளம்பரம் போட்டிருந்த பெண் ஒருவர் கொல்லப்பட்டபோது நாடே கொதித்தது. மாநில அரசு வழக்கறிஞர்கள் நெருக்கினார்கள். 2010 செப்டம்பரில் அந்தப் பகுதியின் மேல் "தணிக்கை செய்யப்பட்டது" என்ற பட்டையை ஒட்டி மூடியது கிரெய்க்ஸ்லிஸ்ட். இந்த விவகாரத்தில் அந்த நிறுவனம் காட்டிய வீம்பு எனக்கு உவப்பில்லை. குறை சொன்னவர்களிடம் கோபித்துக்கொண்ட வேகத்தில் பாதியைக்கூடக் குறையைச் சரிசெய்வதில் காட்டவில்லை. 2018இல் புதிய சட்டம் வந்து தளமே பொறுப்பேற்க வேண்டும் என்றானதும், துணை தேடும் பகுதி முழுவதையும் எடுத்துவிட்டார்கள்.

நன்கொடைக் கதை இந்தப் பின்னணியில்தான் வருகிறது. 2011இல் கிரெய்க்கனெக்ட்ஸ் என்ற பெயரில் சிறிதாகத் தொடங்கி, ஈபே வழக்கு ஓய்ந்த பிறகு வேகம் பிடித்தது. 2016இல் விக்கிப்பீடியாவின் நிரந்தர நிதிக்குப் பத்து லட்சம் டாலர். அதே ஆண்டு பாய்ண்டர் ஊடகப் பயிற்சி நிறுவனத்தில் பத்திரிகை அறத்துக்கென ஓர் இருக்கை அமைக்க இன்னொரு பத்து லட்சம். 2018 ஜூனில் நியூயார்க் நகரப் பல்கலைக்கழகத்தின் பத்திரிகைப் பள்ளிக்கு 2 கோடி டாலர். பள்ளி அவர் பெயரைச் சூட்டிக்கொண்டது. வரி விளம்பரத்தை ஒழித்தவர் பெயரில் பத்திரிகைப் பள்ளியா என்று கிண்டல்கள் பறந்தன. 2019இல் கொலம்பியா பல்கலைக்கழகத்துக்கு ஒரு கோடி டாலர், பத்திரிகை அறத்துக்கும் நிருபர்களின் பாதுகாப்புக்கும்.

ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பார்கள். நியூமார்க்கின் வழி வேறு: தனக்குத் தெரியாத விஷயத்தில் தெரிந்தவர்களைக் கண்டுபிடித்துப் பணத்தைக் கொடு, பிறகு வழியைவிட்டு விலகி நில். கிரெய்க்ஸ்லிஸ்டில் பக்மாஸ்டரிடம் சாவியைக் கொடுத்தாரே, அதே வழி. இதில் ஆபத்து இல்லாமல் இல்லை. தொழில்நுட்ப நிறுவனங்களைப் புலனாய்வு செய்ய ஜூலியா ஆங்வின் உள்ளிட்டோர் தொடங்கிய த மார்க்கப் என்ற செய்தித் தளத்துக்கு 2018இல் 2 கோடி டாலர் கொடுத்தார். தளம் வெளிவரும் முன்பே, 2019 ஏப்ரலில், ஆங்வின் வெளியேற்றப்பட்டார். செய்தியாளர்களில் பெரும்பாலோர் அவரோடு சேர்ந்து விலகினார்கள். பத்திரிகை உலகமே நியூமார்க்கைத் திரும்பிப் பார்த்தது. பெரும்பணம் கொடுத்தவர் பேச வேண்டாமா? பேசினால் தலையீடு, பேசாவிட்டால் பொறுப்பின்மை. சில மாதங்களில் நிர்வாகம் மாறி ஆங்வின் ஆசிரியராகத் திரும்பினார், தளமும் 2020இல் வெளிவந்தது. பிறகு 2024இல் கால்மேட்டர்ஸ் என்ற கலிஃபோர்னியச் செய்தி நிறுவனத்தோடு சேர்ந்துவிட்டது. கொடையில் நடக்கும் பத்திரிகை யாருக்குப் பதில் சொல்ல வேண்டும் என்ற கேள்விக்கு அங்கே விடை கிடைத்ததாக எனக்குத் தெரியவில்லை. வரி விளம்பரக் காலத்தில் இந்தக் கேள்வியே எழாது. மாடிப் போர்ஷனை வாடகைக்கு விட்டவர் ஆசிரியரைக் கூப்பிட்டு, ஏன் இந்தச் செய்தி போட்டாய் என்று கேட்க மாட்டார்.

இதெல்லாம் பிராயச்சித்தமா என்று அவரிடம் கேட்காத நிருபர் இல்லை. இல்லை என்பதுதான் எப்போதும் பதில். பத்திரிகைகளின் சரிவு தொலைக்காட்சிக் காலத்திலேயே தொடங்கிவிட்டது என்பார். நம்பத்தகுந்த பத்திரிகைதான் ஜனநாயகத்தின் நோய் எதிர்ப்புச் சக்தி, அதைப் பள்ளி வரலாற்று வகுப்பிலேயே கற்றுக்கொண்டேன், அதனால் கொடுக்கிறேன் என்பார். பொய் சொல்கிறார் என்று நான் நினைக்கவில்லை. குற்ற உணர்ச்சி உள்ளவர் இப்படி அப்பாவியாகப் பேச முடியாது. அவருடைய குறை வேறு இடத்தில் இருக்கிறது: தான் இலவசமாகக் கொடுத்த ஒன்றுக்கு வேறு யாரோ விலை கொடுத்திருக்கலாம் என்பது அவர் மனக்கணக்கில் ஏறவே இல்லை.

கொடுத்ததைப் போனதோடு ஒப்பிட்டாலும் எட்டாது. பத்திரிகைப் பள்ளிக்கு 2 கோடி பெரிய தொகை. ஆனால் 2000க்கும் 2009க்கும் இடையே வரி விளம்பரத்தில் விழுந்த ஓட்டை, வருடத்துக்கு 1,300 கோடிக்கு மேல். உலகத்துக் கொடையாளர்கள் எல்லோரும் சேர்ந்தாலும் வருடாவருடம் அந்த ஓட்டையை அடைக்க முடியாது. வரி விளம்பரம் ஒவ்வொரு சின்ன ஊருக்கும் தானாகப் போய்ச் சேர்ந்த பணம். நன்கொடையோ நியூயார்க்குக்கும் பெயர் தெரிந்த நிறுவனங்களுக்கும் போகிறது. மூடிப்போன வார இதழ் இருந்த ஊருக்கு யார் விண்ணப்பம் எழுதுவார்?

சமீப வருடங்களில் அவர் பணம் வேறு பக்கம் கூடுதலாகப் பாய்கிறது. முன்னாள் ராணுவ வீரர்கள், ராணுவக் குடும்பங்கள். இணையத் தாக்குதலிலிருந்து சாதாரண மக்களையும் குடிநீர், மின்சாரம் போன்ற அமைப்புகளையும் காப்பது. 2024இல் இதற்கு மட்டும் 10 கோடி டாலர் தருவதாக அறிவித்தார். சொத்தின் பெரும்பகுதியைக் கொடுத்துவிடுவதாக வாக்களிக்கும் கோடீஸ்வரர்களின் உறுதிமொழியிலும் கையெழுத்திட்டிருக்கிறார். பட்டியலில் புறாக்களும் உண்டு. சான்ஃபிரான்சிஸ்கோவில் அடிபட்ட புறாக்களை மீட்கும் ஒரு குழுவுக்குப் பணம் கொடுக்கிறார். புறா என்றால் அவருக்கு உயிர். புறாவைப் பற்றி மட்டும் தயக்கமே இல்லாமல் பேசுவார்.

கிரெய்க்ஸ்லிஸ்ட் இன்னும் இருக்கிறது. அதே நீல நிற இணைப்புகள், படம் இல்லாத முகப்பு. சென்னைக்கும் ஒரு பக்கம் திறந்தார்கள். ஆனால் நம் ஊரில் அந்த இடத்தை ஓஎல்எக்ஸ், சுலேகா போன்றவை பிடித்துக்கொண்டன. அமெரிக்காவுக்கு வேலைக்குப் போன நம் பிள்ளைகளுக்குத்தான் அது நெருக்கம். முதல் மெத்தை, முதல் பழைய டொயோட்டா, பலருக்கு அங்கேதான். கம்பெனியின் வரவு செலவை வெளியே சொல்வதில்லை. கட்டண விளம்பரங்களின் வட்டம் கொஞ்சம் கொஞ்சமாக விரிந்து, 2019 முதல் சொந்தக் காரை விற்கிறவரும் ஐந்து டாலர் கட்ட வேண்டியிருக்கிறது. நியூமார்க் கொடுக்கும் பணத்துக்கு ஊற்று அந்தக் கட்டணங்கள்தாம்.

நியூயார்க் பத்திரிகைப் பள்ளிக்கு 2024இல் இன்னொரு கோடி டாலர் கொடுத்தார், மாணவர்களில் பாதிப் பேர் கல்விக் கட்டணமில்லாமல் படிப்பதற்காக. கட்டணம் மிச்சம், ஆனால் அந்த ஊரில் தங்க இடம் வேண்டுமே. வெளியூரிலிருந்து வரும் மாணவர் கிரெய்க்ஸ்லிஸ்டைத் திறந்து அறை தேடினால், அதில் புரோக்கர் போட்ட ஒவ்வொரு விளம்பரத்துக்கும் அவர் பள்ளியின் பெயருக்குச் சொந்தக்காரர் தொடங்கிய கம்பெனி காசு வாங்கியிருக்கும்.